வெயில் வேறு, வெளிச்சம் வேறு

"வெயில்ல போவீங்களா?"

அவசரப் பிரிவில் இருந்த பயிற்சி மருத்துவர் கேட்டார். ரத்தம் எடுக்க வந்தவர் கேட்டார். கண் மருத்துவர் கேட்டார். பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் மாமியார்கூடக் கேட்டார். எல்லோருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "வெயிலைக் கண்ணால பாக்கறதே இல்லீங்க." அது முழு உண்மை. அந்த உண்மையைச் சொல்லிச் சொல்லியே என் நோயை நான் மறைத்து வைத்திருந்தேன்.

என் பெயர் விசாலாட்சி. அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து, நர்சிங் சூப்பரின்டென்டன்டாக ஓய்வு பெற்றவள். திருச்சியில் இன்று வேலை செய்யும் நர்சுகளில் பாதிப் பேரை ஒரு முறையாவது திட்டியிருப்பேன். அப்படிப்பட்டவள் நோயாளியாகப் படுத்தால் எப்படி இருப்பாள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். முகமும் கையும் காரணம் தெரியாமல் எரிகிறவர்கள் யாராவது படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இனிமேல் பகலில் வெளியே நடமாட எனக்கு உரிமை உண்டா இல்லையா என்பது மாதக்கணக்கில் தீராமல் கிடந்தது. அந்த நாட்களில் வேறு எந்தக் கேள்வியும் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

முதலில் புறங்கையில் வந்தது. மிளகாய் அரைத்த கையைக் கழுவாமல் விட்டதுபோல ஓர் எரிச்சல். பிறகு நெற்றி, கன்னம், மூக்கு, ரவிக்கைக் கழுத்துக்கு மேலே திறந்திருக்கும் இடம். சிவந்தது, தடித்தது, நீர் கோத்தது. என் கணவர் செல்வராஜ் மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரே பார்வையில் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

"உடம்புச் சூடு விசாலம். வேற ஒண்ணுமில்ல."

"நீங்க எந்த மெடிக்கல் காலேஜ்ல படிச்சீங்க?"

"சூட்டுக்கு எதுக்குக் காலேஜ்? ராத்திரி வெந்தயத்த ஊறப் போடு. காலையில இளநி வாங்கியாரேன்."

வெந்தயமும் இளநீரும் பலிக்கவில்லை. அடுத்ததாக அவரே சந்தனக் கல்லை எடுத்து வைத்து, கட்டையைத் தேய்த்து, அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, என் முகத்திலும் கையிலும் பூசினார். காபித்தூள் டப்பா எங்கே இருக்கிறதென்று இன்றுவரை தெரியாத மனிதர். தோள்பட்டை வலிக்க அரைத்திருக்கிறார். மறுக்க மனம் வரவில்லை. காயட்டும் என்று ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்து, விசிறியால் விசிறவும் செய்தார். அன்று சாயங்காலம் என் முகத்தில் கொப்புளங்கள் எழும்பி, இரண்டு கண்களும் வீங்கி மூடிக்கொண்டன.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் போகும் சாலையில் எங்கள் வீடு. எதிர்வீட்டுப் பெண்மணி வந்து எட்டிப் பார்த்தார். போன வேகத்தில் ஒரு கொத்து வேப்பிலையோடு திரும்பி வந்து நிலைப்படியில் செருகினார்.

"ஆத்தா எறங்கியிருக்கா. ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூட்டிப் போயிடாதீங்க. சமயபுரத்துக்கு வேண்டிக்குங்க."

"எனக்கு அஞ்சு வயசுலயே வந்துட்டுப் போயிட்டாங்க. ரெண்டாந்தரம் வர அவங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றேன். கண் தெரியாததால் அவருடைய முகம் எப்படிப் போயிற்றென்று பார்க்க முடியவில்லை. அது ஒரு நஷ்டம்தான்.

புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கான காப்பீட்டில் முன் அனுமதி வாங்க என்னென்ன வேண்டுமென்று அங்கே மேஜையில் இருந்த பெண் சொல்லத் தொடங்குவதற்குள், நானே வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டேன். "மேடம், நீங்க வேணா இங்க உக்காருங்க, நான் அங்க வந்து நிக்கறேன்," என்றாள் அந்தப் பெண். அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பயிற்சி மருத்துவர் என் வேலை என்னவென்று கேட்டார். "ரிட்டயர்டு," என்றேன். எழுதிக்கொண்டார். "ஹேர் டை அலர்ஜியா இருக்கலாம்," என்றார். தலையைக் குனிந்து காட்டினேன். பஞ்சாக வெளுத்த தலை. "அப்ப டை இல்ல," என்று ஒப்புக்கொண்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. எனக்கு லூபஸ் என்று நானே முடிவு கட்டினேன். நோய்க் கிருமிகளைத் தாக்க வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, புத்தி கெட்டு உடம்பையே தாக்கும் நோய் அது. கன்னத்தில் சிவப்பாகப் படரும், வெயில் பட்டால் கூடும். அதற்கான ரத்தப் பரிசோதனையை எழுதச் சொல்லி அந்தப் பிள்ளையை வற்புறுத்தினேன். இல்லை என்று முடிவு வந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருந்தேன்.

வார்டில் ரம்யா என்ற நர்ஸ். மாணவியாக இருந்தபோது என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். என்னைக் கண்டதும் காற்றோட்டமான ஜன்னலோரப் படுக்கையாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்தாள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த ரோஜா நிறத் தண்ணீரில் துணியை நனைத்து முகத்தில் போட்டு எடுப்பாள். நீர் வடிவதை அது நிறுத்தும், கிருமி சேராமல் காக்கும். வீங்கிய இமையிடுக்கு வழியாகவே நான் மேற்பார்வை பார்ப்பேன்.

"துணியை இன்னும் பிழியணும் ரம்யா. சொட்டுது பாரு."

"சரிங்க மேடம்."

"தண்ணி இன்னும் வெளிறலா இருக்கணும். இவ்வளவு கறுப்பாக் கரைச்சா தோல் வெந்துடும்."

"மேடம், இப்ப நீங்க பேஷண்ட். பேசாம படுங்க."

என் பணிக்காலத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அது காதில் விழும்போது இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஊசியும் மாத்திரையுமாக வீக்கம் இறங்கியது. கண் முழுதாகத் திறந்தது. ஆனால் ஒரு விசித்திரம். வலது கன்னம் ஆறிக்கொண்டிருந்தது. இடது கன்னம் மட்டும் மறுபடி சிவந்து நீர் விட்டது. தலையணை உறையைக் குற்றம் சொன்னேன், சலவைக்காரரைக் குற்றம் சொன்னேன், ரம்யாவையும் விடவில்லை.

தோல் மருத்துவர் அன்று காலைதான் ஊரிலிருந்து திரும்பியிருந்தார். இளம் பெண். அதிகம் பேசாதவர். என் படுக்கையருகே நின்று முகத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். மோவாயைத் தூக்கச் சொன்னார். காது மடலை மடித்துப் பின்னால் பார்த்தார். வளையல்களை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். மோவாய்க்கு அடியிலும், காதுக்குப் பின்னாலும், வளையல் மறைத்த இடத்திலும் தோல் சுத்தமாக இருந்தது.

"வெயில்ல போவீங்களாம்மா?"

"ஐயோ, இல்லீங்க டாக்டர். வெயிலைக் கண்ணால பாக்கறதே இல்ல. ஏறுவெயிலுக்கு முன்னாடி பஸ் ஏறிடுவேன். பொழுது சாஞ்சுதான் வீட்டுக்கு வருவேன்."

அவர் ஜன்னலை இன்னொரு முறை பார்த்தார். பிறகு கேட்டார்: "சரி. வெளிச்சத்துல உக்காருவீங்களா?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. வெளிச்சத்தில் யார்தான் உட்கார மாட்டார்கள்? நமக்கு வெயில் என்றால் சுடுவது. சுடாத வெளிச்சத்தை யாரும் வெயில் என்று சொல்வதில்லை. கண்ணாடி ஜன்னல் வழியாக இதமாக வந்து விழுவதைச் சந்தேகிக்க நமக்கு ஒரு சொல்கூட இல்லை. டாக்டர் விளக்கினார். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. அவற்றில் சுட்டுச் சிவக்க வைக்கும் வகையைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும். ஆழமாக இறங்கும் இன்னொரு வகை கண்ணாடியைத் தாண்டி வரும். காலையிலும் வரும், மேகம் போட்டிருந்தாலும் வரும். சில ரசாயனங்கள் தோலில் பட்டிருந்தால், அந்தக் கதிர் அவற்றை வேறொன்றாக மாற்றிவிடும். உடம்பு அந்தப் புதுப் பொருளை எதிரியாகக் கருதிச் சண்டைக்குப் போகும். அந்தச் சண்டைதான் என் முகம்.

"ஜன்னல் இவங்களுக்கு எடதுபக்கம் இருக்கு," என்று டாக்டர் ரம்யாவிடம் சொன்னார். ரம்யாவின் முகம் சுருங்கிவிட்டது. அவள் ஆசையாகக் கொடுத்த படுக்கை.

"என்ன ரசாயனம்னு கண்டுபிடிக்கணும். என்ன வேலை பாக்கறீங்க?"

"நான் ரிட்டயர்டு டாக்டர்."

அதுவரை வாசலோரம் ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டிருந்த என் கணவருக்குத் தாங்கவில்லை. "ரிட்டயர்டா? யாரு? தெனம் விடிய பஸ் ஏறி, டோல்கேட்ல எறங்கி வேற பஸ் மாறி, மண்ணச்சநல்லூர் பக்கம் ஒரு ஹோமுக்குப் போயி மாத்திரை இடிச்சிட்டு வராங்க டாக்டர். நான் சொன்னா எங்க கேக்கறாங்க?"

"அது வேலை இல்ல. சும்மா ஒத்தாசை," என்றேன்.

"மாத்திரை இடிக்கிறீங்களா?" என்று கேட்ட டாக்டர், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரவுண்ட்ஸ் வரும்போது மருத்துவர் உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரியும்.

அது மனநலம் குன்றியவர்களைப் பராமரிக்கும் ஓர் இல்லம். அங்கே சிலரால் மாத்திரையை விழுங்க முடியாது. அவர்களுக்குப் பொடித்துக் கொடுக்கும்படி மருத்துவரே எழுதியிருந்தார். அதற்காக இஞ்சி நசுக்கும் சின்ன இடிகல் ஒன்று வைத்திருந்தார்கள். கண்ணாடி ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, காலையும் சாயங்காலமும் இடித்து, பூவன் பழத்தில் பிசைந்து ஊட்டுவோம். குளோர்ப்ரோமசின் என்ற மாத்திரைதான் அதிகம். மனக் கொந்தளிப்பை அடக்கும் பழைய மருந்து. இடிக்கும்போது மெல்லிய தூள் பறக்கும். கையில் படியும். வியர்வையை அந்தக் கையாலேயே துடைப்பேன்.

"கிளவுஸ்?"

"மாத்திரைக்கு யாராவது கிளவுஸ் போடுவாங்களா டாக்டர்?"

கேட்டுவிட்டு நானே வாயை மூடிக்கொண்டேன். ஊசிக்குக் கையுறை, காயத்துக்குக் கையுறை, படுக்கை மாற்றக் கையுறை என்று ஊருக்கே பாடம் எடுத்தவள் நான். மாத்திரை இடிப்பதற்கு எந்தப் புத்தகத்திலும் நான் விதி படித்ததில்லை. விதி இல்லாத இடத்தில் ஆபத்தும் இல்லை என்று எப்படியோ நினைத்துக்கொண்டுவிட்டேன்.

இந்த மருந்தைக் கையாளும் செவிலியர்களுக்கு இப்படி வருவது மருத்துவத்துக்குத் தெரிந்த விஷயம்தானாம். சந்தனமும் சிலருக்கு வெளிச்சத்தோடு சேர்ந்தால் ஒவ்வாது, எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெளிச்சத்தில் வெந்தே போகும் என்றும் டாக்டர் சொன்னார். என் கணவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நான்தாங்க பூசினேன்."

"நல்லதுக்குன்னுதானே பூசினீங்க. விடுங்க," என்றார் டாக்டர்.

"ஜன்னல்கிட்டயும் நான்தான் உக்கார வச்சேன்." கீழே வைத்த டம்ளரை அவர் திரும்ப எடுக்கவே இல்லை. ராத்திரி அவருக்கு வந்த இட்லியை நான் திட்டித் திட்டித்தான் சாப்பிட வைக்க வேண்டியிருந்தது.

டாக்டர் கடைசியாகச் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது. மருந்தைத் தொடாமல் இருந்தால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் தோல் ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். மருந்தே இல்லாவிட்டாலும், வெறும் வெளிச்சம் பட்டாலே கிளம்பும். வருஷக்கணக்கில், சில சமயம் வாழ்நாள் முழுக்க. அப்படி ஆனவர்கள் பகலெல்லாம் திரைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். நான் எந்தக் கூட்டம் என்பதை ஒரு சோதனையில்தான் சொல்ல முடியும். தோல் முழுதாக ஆறி, ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்திச் சில வாரங்கள் போன பிறகுதான் அந்தச் சோதனை செய்ய முடியும்.

வீட்டுக்கு வந்தேன். காப்பீடு போக மிச்ச பில்லை என் கணவர் எனக்குக் காட்டாமல் கட்டியிருந்தார். வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. பெரிய கடைவீதியில் மொத்தமாக எடுத்து, தைத்து, நான் வருவதற்குள் மாட்டியிருக்கிறார். நடுப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

"போட்டோ ஸ்டுடியோல டார்க் ரூம் மாதிரி இருக்குங்க. என்னையும் கழுவிக் காயப்போடப் போறீங்களா?"

"டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சுல்ல?"

"சோதனை முடியற வரைக்கும்னு சொன்னாங்க. சாகற வரைக்கும்னு சொல்லல."

இருட்டில் கிடந்த அந்த வாரங்களைப் பற்றி வீரமாக எழுத ஆசைதான். உண்மை வேறு. திரையின் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் தரையில் விழும். அதைத் தாண்டும்போது புடவையைத் தூக்கிக்கொண்டு தாண்டினேன், தண்ணீரைத் தாண்டுவதுபோல. அதைச் செய்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. சன்னிதித் தெருக்களில் காலைக் கூட்டம், ஆற்றுப் பாலத்தில் பஸ் திரும்பும்போது தெரியும் மலைக்கோட்டை, ஒன்றும் பெரிய விஷயங்கள் இல்லை. ஆனால் அவை என் பகல். மாத்திரைத் தூள் ஒன்று வந்து கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட நான் தயாராக இல்லை.

இடையில் இல்லத்தின் மேனேஜர் போன் செய்தார்.

"சிஸ்டர், நம்ம ஹோம் பேரை டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களாமே?"

"சொன்னேன்."

"மாத்திரையால எப்படி சிஸ்டர் வரும்? உங்களுக்கு முன்னாடி இருந்த பொண்ணுக்கும் இப்படித்தான் கையெல்லாம் கறுத்துச்சு. அது ஸ்கூட்டியில வெயில்ல வரும். அதனாலதான்னு நின்னுக்கச் சொல்லிட்டோம்."

எனக்கு உச்சந்தலை சுட்டது. "தம்பி, நல்லாக் கேட்டுக்குங்க. முழுங்க முடியாதவங்களுக்கு வேற மருந்து இல்லன்னா வேற வடிவம் எழுதித் தரச் சொல்லி உங்க டாக்டரக் கேளுங்க. அதுவரைக்கும் இடிக்கறவங்களுக்குக் கிளவுஸ், மாஸ்க், மூடி போட்ட பாத்திரம். அந்தப் பொண்ணத் தேடிப் பிடிச்சுத் தோல் டாக்டர்கிட்ட அனுப்புங்க. செய்யலன்னா யாருக்கு எழுதணும்னு எனக்குத் தெரியும். எழுதினது எந்த மேஜையில தூங்கும், அதை எப்படி எழுப்பணும்னும் தெரியும்."

ஒரு வாரத்தில் செய்துவிட்டார். முனகிக்கொண்டேதான் செய்தார். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

சோதனை நாள் வந்தது. முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளை இரண்டு வரிசையாக ஒட்டினார்கள். ஒவ்வொரு பொருளும் இரண்டு இடத்தில்: மாத்திரைத் தூள், சந்தனம், சோப்பு, பவுடர். குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது. திருச்சியில் வியர்க்காமல் இருப்பது எப்படி என்பதை மட்டும் யாரும் விளக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு வரிசையை மூடிவிட்டு, மற்ற வரிசைக்கு மட்டும் கதிர் விளக்கைக் காட்டினார்கள். ஒளி பட்ட இடத்தில் மட்டும் சிவந்தால், பொருளும் ஒளியும் கூட்டுக் களவாணிகள் என்று அர்த்தம். இடுப்புக்கு மேலே, எதுவும் ஒட்டாத வெறும் தோலில், சின்னக் கட்டங்கள் போட்டு ஒன்றைவிட ஒன்றில் அதிகமாக வெறும் வெளிச்சத்தைப் பாய்ச்சினார்கள். என் பகல் முழுவதும் அந்தக் கட்டங்களில் இருந்தது. அது என் முதுகில் இருந்தது. என் கண்ணுக்கு அது எட்டாது. வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் முதுகைக் காட்டினேன்.

"பாருங்களேன். செவந்திருக்கா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்து, குனிந்து பார்த்தார். மூச்சுக் காற்று முதுகில் பட்டது.

"என்னங்க?"

"ரீடிங் நான் எடுக்கலாம். பில்லு டாக்டர்தான் போடணும்."

"இந்த வயசுல அடி வாங்கப் போறீங்க."

"சட்டையப் போடு விசாலம்," என்று எழுந்து போய்விட்டார். அன்றிரவு இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடித்தார். நானும் தூங்கவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

மறுநாள் டாக்டர் பார்த்தார். மாத்திரைத் தூளும் ஒளியும் சேர்ந்த இடம் கொப்புளித்திருந்தது. ஒளி படாத ஜோடியில் ஒன்றுமில்லை. சந்தனமும் ஒளியும் சேர்ந்த இடத்தில் லேசான சிவப்பு. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். வெறும் வெளிச்சக் கட்டங்கள்? குறைந்த அளவுகளில் சுத்தம். அதிக அளவு பாய்ச்சிய கடைசிக் கட்டங்களில் மட்டும் ஒரு மங்கல் சிவப்பு.

"நடுவுல இருக்கீங்க," என்றார் டாக்டர். "மத்தவங்களைவிட சீக்கிரம் செவக்குது. முழுசா மாட்டல. ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல அடங்கலாம். அடங்காமலும் போகலாம். அடுத்த தடவ டெஸ்ட் பண்ணிப் பாப்போம். அதுவரைக்கும் காலையில ஏழு மணிக்குள்ள, சாயங்காலம் அஞ்சுக்கு மேல வெளிய போகலாம்."

"அஞ்சுக்கு மேல பகல் எங்கங்க டாக்டர் மிச்சம் இருக்கு? மூணு."

"என்ன மூணு?"

"மூணு மணி."

"மேடம், இது காய்கறிக் கடை இல்ல."

"காந்தி மார்க்கெட்ல இவ்வளவு கறாரா இருக்க மாட்டாங்க."

டாக்டர் என் கணவரைப் பார்த்தார். "எங்கிட்டப் பாக்காதீங்க. கல்யாணம் ஆனதுலேருந்து நான் ஜெயிச்சதில்ல," என்றார் அவர்.

"நாலரை. முழுக்கை ரவிக்கை, தொப்பி, வெளிச்சத்தத் தடுக்கற வெள்ளை கிரீம்."

"முழுக்கை சரி. கிரீம் சரி. குடையும் வச்சுக்கறேன். தொப்பி மாட்ட மாட்டேன். நாலு."

டாக்டர் பேனாவை மூடினார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "நாலு. அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கிடையாது. கொஞ்சம் எரிச்சல் தெரிஞ்சாலும் உள்ள வந்துடணும். அந்த மாத்திரையை இந்த ஜென்மத்துல தொடக் கூடாது. சந்தனமும் வேணாம்."

"முடிஞ்சுது," என்றேன்.

மறுநாள் முகத்திலும் கையிலும் வெள்ளையடித்தாற்போல கிரீமைப் பூசி, முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினேன். கன்னத்துக் கறுப்புத் திட்டுகளை மறைக்க முக்காடு எதுவும் போடவில்லை. கேட்கிறவர்கள் கேட்கட்டும். என் கணவர் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"விசாலம், மணி மூணரைதான் ஆகுது. டாக்டர் நாலுன்னாங்க."

என் வார்டில் படுத்திருந்த நோயாளிகளில் ஒருவர்கூடச் சொன்ன நேரத்துக்குக் கட்டுப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்போதெல்லாம் அவர்களைக் கடிந்துகொள்வேன்.

"அந்த அரை மணி டாக்டர் கணக்குல வராது. அது என்னோடது," என்று தெருவில் இறங்கினேன். "குடையச் சரியாப் பிடிங்க. வெளிச்சம் மேற்கேருந்து வருது."